நல்லானுக்குக் கோடி கொண்டுவந்தவர்கள்

செத்தவர் மேல் கோடித் துணி போர்த்துவது உறவு முறைக்காரர்களுக்கு மட்டுமே உள்ள உரிமை. அதிலும் ஆண் செத்தால் கூடப்பிறந்தவள் கொண்டுவரும் கோடிக்குத்தான் முதல் இடம். நல்லானுக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான், செல்லாத்தாள். அன்று காலை அவள் ஒரு புது வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு லைன் வீட்டு வாசலில் நின்றபோது, சந்துக்குள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அழுதுகொண்டே வந்தார்கள். எல்லோர் கையிலும் மடிப்புக் கலையாத புது வேட்டி இருந்தது.

முன்னால் வந்தவள் பூவாத்தாள். பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன்காரி, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். "என் கூடப் பொறந்தவனே, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே" என்று அவள் வைத்த ஓலத்தில், சொந்த ஊரான மடத்துக்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தது.

பெரியம்மா முத்தாத்தாள் மெல்ல நகர்ந்து செல்லாத்தாளின் காதருகே வந்தாள்.

"ஏங் கண்ணு, யாரு இவங்கெல்லாம்?"

"கம்பெனிக்காரங்க, பெரியம்மா."

"கம்பெனிக்காரங்க ஏன் கோடியோட வர்றாங்க? நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. உங்கண்ணன் இந்த ஊருல வேற ஊடு கீடு ஏதாச்சும்..."

விடிந்ததிலிருந்து அழுது வீங்கியிருந்த செல்லாத்தாளுக்கு நெஞ்சுக்குள்ளிருந்து சிரிப்பு ஏறிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வேற ஊட்டுக்காரி வந்து பொறந்தவனேன்னா அழுவா? போங்க பெரியம்மா."

பெரியப்பா மருதாசலம் வாசலை மறித்து நின்றார். ஊரில் எந்த எழவு விழுந்தாலும் யார் கோடி வருகிறது, எந்த முறையில் வருகிறது என்று உரக்கச் சொல்லி உள்ளே அனுப்புகிறவர் அவர்தான். அவர் சொல்லி அனுப்பாத துணி பிணத்தின் மேல் ஏறாது.

"நில்லுங்கம்மா. எந்த மொறையில கோடி கொண்டாந்திருக்கீங்க?"

"அண்ணன் மொறைதாங்கய்யா" என்றாள் பூவாத்தாள்.

"அவங்கொப்பன் என்ற தம்பி. அவனுக்குப் பொறந்தது ரெண்டு. ஒண்ணு உள்ள படுத்திருக்குது, ஒண்ணு இங்க நிக்குது. நீங்கெல்லாம் எங்கிருந்து வந்தீங்க?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முஸ்தபா வந்தார். நல்லானுக்குப் பக்கத்து மெஷினில் பேட்லாக் தையல் ஓட்டுகிறவர். "பெரியவரே, நான் வெவரமாச் சொல்றனுங்க."

"நீங்க யாருங்க?"

"மச்சானுங்க."

"யாருக்கு?"

"நல்லானுக்குத்தானுங்க."

"அட, நீங்களுமா?"

யாரோ களுக்கென்று சிரித்து, சிரித்ததற்கு வெட்கப்பட்டு இருமினார்கள். மருதாசலம் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "மாலை போடுங்க, கும்புட்டுக்குங்க, நான் வேண்டாங்கல. கோடி மட்டும் மொறைக்காரங்களுக்கு. நாளைக்கு ஊருல எவனாவது, உன்ற தம்பி மவன் பொணத்து மேல கண்டவங்க துணியப் போட்டாங்களாமேன்னு கேட்டா, நான் என்ன பதிலச் சொல்லுவேன்? செல்லாத்தா, நீ வா கண்ணு. உன்ற கோடியப் போடு. வெயில் ஏறுது."

பூவாத்தாள் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு செல்லாத்தாளைப் பார்த்தாள். பின்னால் நின்ற அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். செல்லாத்தாள் ஒரு எட்டு வைத்தால் போதும். முதல் கோடியும் அவளுடையது, ஒரே கோடியும் அவளுடையது. அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

எண்பத்தொன்றில் நல்லான் அவளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தான். அப்பன் போய்ச் சேர்ந்திருந்தார், கிணறு வற்றியிருந்தது, அவளுக்குப் பதினைந்து வயது. ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தான். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று வெட்டிய துணியை எடுத்துக் கொடுப்பதும், தைத்ததை வாங்கி அடுக்குவதும்தான் கைமடிக்கு வேலை. டெய்லர் சாப்பிடப் போகிற நேரத்தில் மெஷினில் உட்கார்ந்து பழகி, இரண்டு வருஷத்தில் ஓவர்லாக் டெய்லர் ஆனான். தங்கையையும் அதே கம்பெனியில் செக்கிங்கில் சேர்த்துவிட்டான். அவிநாசிப் பெண் மருதாளைக் கட்டிக்கொண்டதும் அவளே அவனுக்குக் கைமடியாக வந்து நின்றாள். "ஊட்டுலதான் நான் சொல்றத இவ கேக்க மாட்டேங்கறான்னு பாத்தா, இங்கயும் இவ குடுக்கறதத்தான் நான் தைக்கோணும்" என்பான். மருதாள் ஒரு பீஸை அவன் முகத்திலேயே வீசுவாள்.

பார்க்க லட்சணமான ஆள் என்று சொல்ல முடியாது. குட்டை, தொந்தி, மூக்குப்பொடி வாசம். மெஷின் சத்தத்தையும் மீறிப் பேசிப் பழகியதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவான். கோயிலுக்குப் போனால் செருப்பைத் தொலைத்துவிட்டு வருவான். எங்கும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. வழியில் நாலு பேரைப் பார்த்து நின்றுவிடுவான்.

பூவாத்தாள் விஷயம் எண்பத்தைந்தில் நடந்தது. அவள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவள். அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் தலைமுழுகிவிட்டார்கள். மகளுக்குக் காது குத்தத் தேதி வைத்திருந்தாள். மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்து வைத்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒருத்தி வாய் சும்மா இராமல், "மாமன் மடி யாரு?" என்று கேட்டுவிட்டாள். பூவாத்தாள் சோற்றில் கையை வைத்தபடியே அழ ஆரம்பித்தாள். தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்திய பிள்ளை என்று காலத்துக்கும் பேச்சு நிற்கும். ஒருத்தி கடவுள் மடி என்று சொல்லிக் குத்திவிடலாம் என்றாள். இன்னொருத்தி தேதியைத் தள்ளிப் போடச் சொன்னாள்.

நல்லான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "மடிதானே வேணும்? என்றகிட்ட இருக்குது" என்றான். "மெஷின்ல உக்காந்து உக்காந்து நல்லா மெத்துன்னு ஆயிருச்சு. புள்ளைக்கு நோகாது."

எல்லோரும் சிரித்தார்கள். பூவாத்தாளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். பேச்சோடு போகும் என்றுதான் செல்லாத்தாள் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நல்லான் வெளுத்த வேட்டியோடு, தாம்பாளத்தில் தேங்காய் பழம் புதுப் பாவாடை சட்டையெல்லாம் வைத்து, மருதாளையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனான். அதிசயமாக அன்று நேரத்துக்குப் போனான். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை வீரிட்டது. அதைவிடப் பெரிய குரலில், "என்ற மருமவ அழுவமாட்டா, மாமனுக்குத்தான் வலிக்குது" என்று நல்லான் கத்தினான். பிள்ளை பயந்துபோய் அழுகையை நிறுத்திவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அண்ணன் தம்பி இல்லாதவள், இருந்தும் ஒட்டுறவு அற்றுப் போனவள், பஸ்ஸுக்குக் காசில்லை என்று அண்ணன் வராமல் போனவள். வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த ஊர். மில்லும் சாயப்பட்டறையும் பனியன் கம்பெனியும் ஆள் ஆளாக இழுத்துக்கொண்டிருந்தன. ஆளுக்கு வேலை கிடைத்தது, மாமன்தான் கிடைக்கவில்லை. யார் கேட்டாலும் நல்லான் போய் உட்கார்ந்தான்.

சூப்பர்வைசர் ஒருமுறை ஷிப்மென்ட் நேரத்தில் பிடித்துக்கொண்டார்.

"லீவு எதுக்கு?"

"மருமவளுக்குக் காது குத்துங்க."

"போன மாசந்தானேய்யா மருமவளுக்குக் குத்துச்சு?"

"அது வேற மருமவளுங்க."

"யோவ், உனக்கு ஒரே தங்கச்சிதான். அதுவும் என்ற செக்கிங்லதான் உக்காந்திருக்குது. அதுக்கு இன்னும் கல்யாணமே ஆகல!"

"அதனாலதானுங்க மத்தவங்களுக்குப் போறேன். இது ஆரம்பிச்சுட்டா எனக்கு நேரமிருக்காதுங்க."

செக்கிங் டேபிளில் செல்லாத்தாள் தலையைப் பனியன் குவியலுக்குள் புதைத்துக்கொண்டாள். லீவு கிடைத்தது.

ஒரு நாள் மடியில் வைத்துக்கொண்டு விட்டுவிடுகிறவனாக அவன் இருந்திருந்தால், யாரும் இன்று கோடியோடு வந்திருக்கமாட்டார்கள். நல்லானுக்கு அந்த முறை விளையாட்டு இல்லை. மாமன் என்றால் மாமன், பொறந்தவன் என்றால் பொறந்தவன். பொங்கலுக்குப் பொறந்தவள் வீட்டுக்குக் கரும்பு கொண்டுபோகவேண்டும் என்று சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சந்து சந்தாகச் சுற்றுவான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவான். அங்கே வாத்தியாரிடம் சண்டையும் போடுவான்.

தேனிப் பக்கத்து மூக்கம்மாளைப் புருஷன் அடித்து உதடு கிழிந்து அவள் வேலைக்கு வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்லான் அவர்கள் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தான்.

"என்ன வேணும்?" என்றான் புருஷன்.

"பொறந்தவளக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க, மச்சான்."

"யாருடா நீ அவளுக்கு?"

"உங்க புள்ளைக்குக் காது குத்தறப்ப என்ற பக்கத்துல நின்னு பல்லக் காட்டிட்டு போட்டோவுக்கு நின்னீங்களே, அப்பத் தெரியலீங்களா?"

திட்டினான், கதவைச் சாத்தினான். நல்லான் எழுந்திருக்கவும் இல்லை, பதிலுக்கு ஒரு கெட்ட வார்த்தை பேசவும் இல்லை. போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்கக் கேட்க, "மச்சான் ஊட்டுக்கு வந்திருக்கறனுங்க, இன்னும் உள்ள கூப்புடல" என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தான். மத்தியானம் ஆவதற்குள் சந்தே கூடிவிட்டது. கடைசியில் அந்தப் புருஷனே கையில் டீயோடு வந்து, "உள்ள வாங்க மச்சான், மானம் போகுது" என்றான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கை ஓங்குவதற்கு முன்னால், மச்சான் படியில் வந்து உட்கார்ந்துவிடுவானே என்று யோசிக்கவேண்டியிருந்தது.

முஸ்தபாவின் மனைவி நூர்ஜானுக்குப் பிரசவ வலி எடுத்தபோது முஸ்தபா கம்பெனிச் சரக்கோடு மெட்ராசுக்குப் போயிருந்தார். நல்லானும் மருதாளும்தான் ஆட்டோ வைத்துக் கொண்டுபோனார்கள். நர்ஸ் வந்து, "கூட யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். "பொறந்தவனுங்க" என்று எழுந்து நின்றான் நல்லான். நர்ஸ் கையிலிருந்த சீட்டில் பெயரைப் பார்த்தாள், அவன் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தாள், மறுபடி பெயரைப் பார்த்தாள். "சரி, சுடுதண்ணி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

எதற்கு இப்படி அலைகிறாய் என்று முஸ்தபா ஒருதரம் கேட்டதற்கு, அவன் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு எடத்துல ஆள் கொறையுதுன்னா போய் உக்கார்றதுதானே பாய்" என்றான்.

செல்லாத்தாளுக்கும் கல்யாணம் ஆயிற்று, மயிலாள் பிறந்தாள். தன் மகளுக்குக் காது குத்துகிற நேரத்தில் அவளுக்குக் கொஞ்சம் குறும்பாகவும் கொஞ்சம் மெய்யாகவும் ஒரு வார்த்தை வந்துவிட்டது. "என்ற புள்ளைக்கு மடி காலியா இருக்குதா, இல்ல அதையும் யாருக்காவது குடுத்தாச்சா?"

"உன்ற புள்ளைக்கு மடி எதுக்கு அம்மிணி? தோளே இருக்குது" என்று மயிலாளைத் தூக்கிக் கழுத்தில் உட்காரவைத்துக்கொண்டு கோயிலை மூன்று சுற்றுச் சுற்றினான். அந்தச் சுற்றில் செருப்பும் போயிற்று.

தொண்ணூற்றாறு மாசியில் ஒரு நாள் சாயங்காலம் டீ குடித்துவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தான். மருதாள் பீஸை நீட்டினாள். வாங்குவதற்குக் கை வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

"செல்லாத்தா, என்ன கண்ணு நின்னுட்டே? வா" என்றார் மருதாசலம் மறுபடியும்.

செல்லாத்தாள் சபையில் பேசுகிறவள் இல்லை. செக்கிங்கில் டேமேஜ் இருந்தால்கூட வாயைத் திறக்காமல் விரலால் தொட்டுக் காட்டுகிறவள். இத்தனை பேருக்கு நடுவில், ஊர்ப் பெரியவரை எதிர்த்து, என்ன சொல்வது? கம்பெனியில் எல்லோரும் அண்ணன் தங்கைதான் என்று சொன்னால் அவர் தலையாட்டிவிட்டு மாலை போடச் சொல்வார். அவருக்கு முறைதான் கணக்கு. அவளும் முறையையே பிடித்தாள்.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கறனுங்க. ஒருத்தனுக்குப் பொறந்தவளுக நாலு பேரு இருந்தா, மொதக் கோடி யாரு போடோணும்?"

"மூத்தவதான். இதென்ன கேள்வி?"

"எளையவ முந்திக்கிட்டா?"

"அது தப்புக் கண்ணு. மூத்தவளச் சபையில அவமானப்படுத்துன மாதிரி."

"அப்ப நான் எப்படிங்க போடறது?" என்றாள் செல்லாத்தாள். "பூவாத்தாக்கா எனக்கு மூத்தவங்க. மூக்கம்மாக்கா மூத்தவங்க. இத்தன அக்காமாரு துணியக் கையில வெச்சுட்டு வெளிய நிக்கறப்ப நான் போய்ப் போட்டா, மொறை தப்பீராதுங்களா?"

மருதாசலம் அவளையே பார்த்தார். "நீ போடலீன்னா பொணத்த எப்படி எடுக்கறது?"

"அதத்தான் நானும் உங்களைக் கேக்கறனுங்க."

முத்தாத்தாள் வாயில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது வீட்டுக்குள்ளிருந்து, நல்லானின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மருதாளின் அடைத்துப்போன குரல் கேட்டது.

"மாமா, என்ற நாத்தனாருக எல்லாம் ஏன் வெளிய நிக்கறாங்க?"

மருதாசலம் திரும்பி உள்ளே பார்த்தார். பிறகு வெளியே நின்றவர்களைப் பார்த்தார். பூவாத்தாளின் இடுப்பை ஒட்டி, காதில் ஜிமிக்கி போட்ட அவள் மகள் நின்றுகொண்டிருந்தாள். தாவணி போடுகிற வயசுப் பெண். "மாமா, மாமா" என்று அழுதுகொண்டிருந்தாள். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஊருல இருந்துட்டு, இவன் இங்க வந்து பொழப்பப் பாக்கறான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார், யாரைப் பார்த்தும் சொல்லாமல். "என்ற தம்பி மவன் இங்க ஒரு கூட்டத்தையே பொறப்பாச் சேத்து வெச்சிருக்கறான்." வாசலைவிட்டு ஒதுங்கி நின்றார். "சரி. மூத்தவ யாரும்மா? முன்னால வா."

இப்போது வேறொரு தகராறு கிளம்பியது. மூத்தவள் யார் என்பது யாருக்கும் தெரியவில்லை.

"பூவாத்தா, நீதான போ."

"நான் எப்படி மூத்தவ? மூக்கம்மாளுக்கு என்னைய விட ரெண்டு வயசு கூட."

"அடியாத்தி, எனக்கா? நீ வயசுக்கு வந்த வருசம் நான் பாவாடையோட திரிஞ்சேம்ல, கணக்குப் போட்டு நீதான சொன்ன."

"நூர்ஜான் அக்காவக் கேளுங்க."

"என்னைக் கேக்காதீங்க, நான் எல்லாருக்கும் சின்னவ" என்றாள் நூர்ஜான், நரைத்த முடியை முக்காட்டுக்குள் தள்ளிக்கொண்டே.

"நூரு, அல்லாவுக்குப் பயந்து பேசு" என்றார் முஸ்தபா பின்னாலிருந்து.

அழுகையும் சிரிப்பும் ஒரே முகத்தில் ஓடின. செல்லாத்தாளே ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்து நிறுத்தினாள். பூவாத்தாள், மூக்கம்மாள், நூர்ஜான், அதற்குப் பிறகு அவள். அவளுக்கு இளையவர்கள் அவள் பின்னால் நின்றார்கள்.

மருதாசலம் தொண்டையைச் செருமினார். ஊரில் நின்று சொல்லுகிற அதே குரலில், லைன் வீடுகள் அத்தனைக்கும் கேட்கும்படி சொன்னார்: "மூத்த பொறந்தவ, உசிலம்பட்டி பூவாத்தா கோடி வருது!"

பூவாத்தாள் உள்ளே போனாள்.

"ரெண்டாவது பொறந்தவ, தேனி மூக்கம்மா கோடி வருது!"

அடுத்தவள் முக்காடு போட்டு நின்றதைப் பார்த்து அவர் ஒரு நொடி தயங்கினார். "பேரென்ன சாமி?"

"நூர்ஜானுங்க."

"மூணாவது பொறந்தவ, திருப்பூர் நூர்ஜான் கோடி வருது!"

பெயரைக் கேட்டபோது இருந்த தயக்கம் அதைச் சொன்னபோது இல்லை. குரல் ஏறிக்கொண்டே போயிற்று. மடத்துக்குளத்துச் சனம் எட்டி எட்டிப் பார்த்தது. இத்தனை கோடி வாங்கிப் போகிற ஆள் தங்கள் ஊர்க்காரன் என்று முத்தாத்தாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல ஆரம்பித்திருந்தாள். சாயங்காலப் பஸ்ஸில் ஊருக்குப் போய்ச் சேரும்போது அந்தப் பேச்சு இன்னும் பெரிதாகியிருக்கும்.

"நாலாவது பொறந்தவ, மடத்துக்குளம் செல்லாத்தா கோடி வருது!"

அப்பன் ஆத்தாளுக்குப் பிறந்த ஒரே தங்கை, நாலாவது பொறந்தவளாகத் தலை நிமிர்ந்து உள்ளே போனாள். நல்லானின் மேல் மூன்று வேட்டிகள் கிடந்தன. நாலாவதைப் பிரித்து, கழுத்துவரை இழுத்து, பனியன் மடிப்பதுபோல ஓரத்தை நேராக நீவிவிட்டாள். மருதாள் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

வெளியே வரிசை இன்னும் சந்தின் பாதிவரை இருந்தது. மருதாசலம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார்.

"அடுத்தது யாரு கண்ணு? பேரச் சொல்லு, ஊரச் சொல்லு. சத்தமாச் சொல்லு, எல்லாத்துக்கும் கேக்கோணும்."